எறும்பு, கோலம், மணற்குவியல்: உயிரியல்வழிக் கணிமையைக் கையால் எழுதிக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெர்லின் நகரில் 52 இடங்கள். எல்லாவற்றையும் ஒரே ஒருமுறை தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதைகளுள் மிகக் குறுகியதன் நீளம் 7542 அலகுகள். இதைவிடக் குறுகிய பாதை கிடையாது என்பது நிரூபணமானது. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது எறும்புகள் வழிதேடும் விதத்தைப் பார்த்து நான் எழுதிய நிரல், ஒரு நள்ளிரவில் 7200-ஐ ஒட்டி ஒரு விடையைத் தந்தது.

காரணம் சிறியது. கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்குத் திரும்பும் தூரத்தைக் கூட்டாமல் விட்டிருந்தேன். ஆனால் அந்தப் பிழை திரையில் எங்குமே தெரியவில்லை. வரைகோடு அழகாகக் கீழிறங்கியது. எறும்புகள் மேலும் மேலும் நல்ல பாதைகளைக் கண்டுபிடித்தன. எண்களை வரிசைப்படுத்தும் நிரலில் பிழை இருந்தால் விடையே கலைந்து நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உயிரினங்களைப் பார்த்து எழுதிய நிரலில் அப்படி நடக்காது. உங்கள் பிழையையும் சூழலின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி அது தன்னை மாற்றிக்கொள்ளும். சரியாக ஓடுவதுபோலவே தோன்றும்.

இந்தத் துறையில் ஆர்வத்தோடு நுழையும் மாணவர் பலர் அழகான அசைபடங்களோடு நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பாலான படிகளில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பலவற்றில் அது ஓர் எண். அந்த எண் வந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுங்கள். அந்தத் தேடலில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

தொடங்கும் முன்: ஒரு சொல், இரண்டு பொருள்

'காம்ப்ளெக்சிட்டி' என்ற சொல்லைக் கணினித் துறையினர் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். வகுப்பறையில் படிப்பது ஒன்று: உள்ளீடு பெரிதாகும்போது ஒரு வேலைக்கு ஆகும் நேரமும் நினைவகமும் எப்படி வளர்கின்றன என்பது. இதைக் கணிப்புக் கடினம் என்று சொல்லலாம். மற்றொன்று, ஏராளமான எளிய உறுப்புகள் அருகருகே இயங்கும்போது, எந்த உறுப்பிலும் இல்லாத ஓர் ஒழுங்கு மொத்தத்தில் எழுவது. புற்று, பறவைக் கூட்டம், மூளை, சந்தை எல்லாம் இதில் அடங்கும். இதைச் சிக்கலமைப்பு என்று அழைக்கலாம். 1984-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தொடங்கப்பட்ட சாண்டா ஃபே நிறுவனம் இந்த இரண்டாம் பொருளை மையமாக வைத்து இயங்குகிறது.

இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உயிரியல்வழிக் கணிமை நிற்கிறது. ஊர் சுற்றும் வணிகனின் கணக்கை, அதாவது தொடக்கத்தில் சொன்ன பெர்லின் பாதை போன்ற கணக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஊர்கள் என்றால் வேறுபட்ட சுற்றுப்பாதைகள் 1,81,440. 20 ஊர்கள் என்றால் ஏறத்தாழ 6-க்குப் பின்னால் 16 சுழியங்கள். வினாடிக்கு ஒரு கோடிப் பாதைகளைச் சரிபார்த்தாலும் 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதல் பொருளில் கடினமான இந்தக் கணக்கை, இரண்டாம் பொருளில் சிக்கலான ஓர் எறும்புக் கூட்டத்தைக் கொண்டு அணுக முடியுமா என்பதுதான் கேள்வி.

தேவையானவை: பைத்தான் அல்லது உங்களுக்குப் பழகிய எந்த மொழியும், படம் வரைய ஒரு சிறு வசதி, ஒரு நோட்டுப் புத்தகம். தயார்நிலைத் தொகுப்புகளை இப்போது இறக்க வேண்டாம். ஒவ்வொன்றும் நூறு வரிக்குள் அடங்கும், கையால் எழுதுங்கள்.

படி 1: ஒரு பாசி வளர்கிறது

ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர், செல்கள் வரிசையாக வளரும் விதத்தை விவரிக்க 1968-இல் ஓர் எழுத்து விளையாட்டு போன்ற முறையை வெளியிட்டார். இரண்டு வகைச் செல்கள்: அ என்பது முதிர்ந்தது, ஆ என்பது இளையது. விதிகளும் இரண்டே: அ → அஆ, ஆ → அ. 'அ' என்ற ஒரே எழுத்தில் தொடங்கினால் அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று வளரும். நீளங்கள் 1, 2, 3, 5, 8 என்று ஃபிபொனாச்சி எண்களாக வரும்.

சோதனை எண்: பத்துப் படிகளுக்குப் பின் நீளம் 144. அதில் அ 89, ஆ 55.

உங்களுக்கு 1024 வந்தால், முதலில் எல்லா அ-க்களையும் மாற்றிவிட்டு, மாறிய வரியிலேயே ஆ-க்களையும் மாற்றியிருக்கிறீர்கள். புதிதாகப் பிறந்த ஆ அந்த நொடியிலேயே முதிர்ந்துவிடுகிறது. நீளம் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கிறது. லிண்டன்மேயரின் மாதிரியில் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில், பழைய நிலையைப் பார்த்தே மாறுகின்றன. பழைய வரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் புதிய வரியைத் தனியாக எழுதுங்கள். இந்த ஒரு பாடம் அடுத்த படியிலும் உடனே கைகொடுக்கும்.

எழுத்துகளுக்குப் பொருள் கொடுத்தால் படம் பிறக்கும்: ஒரு குறி முன்னே நகர், ஒரு குறி இடம் திரும்பு, ஒரு குறி வலம் திரும்பு, திறக்கும் அடைப்புக்குறி இருந்தால் இப்போதைய இடத்தை அடுக்கில் சேமி, மூடும் அடைப்புக்குறி இருந்தால் அந்த இடத்துக்குத் திரும்பு. கிளை விடும் செடிகளை இப்படித்தான் வரைகிறார்கள்.

இங்கே நம் வாசலைப் பார்க்காமல் கடந்துபோக மனம் வரவில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களை அணி இலக்கணங்களாக (குறிகளைக் கட்டங்களில் அடுக்கும் விதிகளாக) விவரித்து 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் பெண்கள் மனத்தில் வைத்திருக்கும் விதிகளை முறைசார் மொழிக் கோட்பாடு கண்டுகொண்ட தருணம் அது. சிறு கோலத்திலிருந்து அதே வகையின் பெரிய கோலத்துக்குப் போகும் விதியைத் தேடுவது, இந்தப் படிக்கு நான் தரும் கூடுதல் பயிற்சி. வீட்டில் கோலம் போடுபவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். புள்ளிகளை எந்த வரிசையில் சுற்றுகிறார் என்பதை அவரைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் சொல்லாது.

படி 2: கட்டங்களுக்குள் ஓர் உலகம்

தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமா என்ற கேள்வியோடு ஜான் வான் நாய்மன் 1940-களில் புறப்பட்டார். ஸ்டானிஸ்லாவ் உலாமின் யோசனைப்படி அதைக் கட்டங்களின் உலகத்தில் அமைத்தார். அவருடைய ஒவ்வொரு கட்டத்துக்கும் 29 நிலைகள் தேவைப்பட்டன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் கான்வே அதை இரண்டாகக் குறைத்தார்: உயிர், உயிரின்மை. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ உயிருடன் இருந்தால் உயிருள்ள கட்டம் பிழைக்கும்; சரியாக மூன்று இருந்தால் வெற்றுக் கட்டத்தில் உயிர் பிறக்கும்; மற்றபடி வெறுமை. மார்ட்டின் கார்ட்னரின் பத்தி வழியாக 1970 அக்டோபரில் இது உலகுக்குத் தெரிந்தது. முடிவில்லாமல் வளரும் வடிவம் இல்லை என்பது கான்வேயின் ஊகம். தீர்ப்பவருக்கு 50 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் எம்ஐடியில் பில் காஸ்பரின் குழு, 30 தலைமுறைக்கு ஒரு 'கிளைடர்' (கட்டங்களில் நகர்ந்துகொண்டே போகும் சிறு உருவம்) வீதம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும் துப்பாக்கி வடிவத்தைக் கண்டுபிடித்து அந்த ஊகத்தை உடைத்தது.

எழுதும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும். ஒன்று, பழைய கட்டத்தின் மீதே புதியதை எழுதுவது. முதல் படியில் பார்த்த அதே பிழை. இன்னொன்று, சிறிய கட்டப்பலகையின் விளிம்புகளை ஒட்டி உருளையாக்குவது. ஓடிப்போன கிளைடர் சுற்றிவந்து மோதி எல்லாவற்றையும் குலைக்கும். பலகையே வேண்டாம். உயிருள்ள கட்டங்களின் ஆயத்தொலைவுகளை மட்டும் ஒரு கணமாக (set) வைத்துக்கொள்ளுங்கள். உலகம் எல்லையற்றதாகிவிடும்.

சோதனை எண்: ஐந்து கட்டங்களை வையுங்கள். மேல்வரிசையில் நடுவும் வலமும், நடுவரிசையில் இடமும் நடுவும், கீழ்வரிசையில் நடு மட்டும். இதன் பெயர் ஆர்-பென்டோமினோ. 1103-ஆம் தலைமுறையில் இது அடங்கும். அப்போது உயிருள்ளவை 116 கட்டங்கள். எண்ணிப் பாருங்கள்: 8 சதுரங்கள், 4 தேன்கூடுகள், 4 சிமிட்டிகள், விலகிப் பறந்துகொண்டிருக்கும் 6 கிளைடர்கள், ஒரு படகு, ஒரு ரொட்டி, ஒரு கப்பல். ஐந்து கட்டங்களிலிருந்து இந்த 25 உருவங்களும் வருவதை என் சொந்த நிரலில் முதன்முறை பார்த்த இரவை நான் மறக்கவில்லை. விதி முழுவதையும் ஒரு சீட்டில் எழுதிவிடலாம். அதைப் பார்த்து 1103 என்ற எண்ணைச் சொல்ல, ஓட்டிப் பார்ப்பதைவிடச் சுருக்கமான வழி எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. சிக்கலமைப்பு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுகிறேன்.

நேரமிருந்தால் கிறிஸ்டோபர் லாங்டனின் எறும்பையும் எழுதுங்கள், இருபது வரிதான். வெள்ளைக் கட்டத்தில் வலம் திரும்பு, கறுப்பில் இடம் திரும்பு, நிறத்தை மாற்று, ஒரு கட்டம் முன்னே போ. ஏறத்தாழ 10,000 அடிகள் ஒழுங்கில்லாமல் அலைந்த பிறகு, 104 அடிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் நெடுஞ்சாலை ஒன்றை அமைத்துக்கொண்டு ஒரே திசையில் போய்விடும். எங்கே தொடங்கினாலும் எறும்பு எல்லைக்குள் அடைபட்டிருக்காது என்பது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. எப்படிக் கட்டங்களை நிரப்பித் தொடங்கினாலும் நெடுஞ்சாலை வந்தே தீருமா என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.

படி 3: பறவைக் கூட்டம்

இதில் அதிக நாள் தங்க வேண்டாம். கிரேக் ரெனால்ட்ஸ் 1987-இல் வெளியிட்ட 'பாய்ட்ஸ்' மாதிரியில் ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதிகள்: அருகிலிருப்பவரோடு மோதாதே, அவர்களின் திசையிலேயே திரும்பு, அவர்களின் நடுவை நோக்கிப் போ. ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

நான் சொல்ல வருவது 'அருகில்' என்ற சொல்லைப் பற்றி மட்டும். மாணவர்கள் பொதுவாக ஒரு ஆரத்தை வைத்து அதற்குள் இருக்கும் எல்லோரையும் அண்டையராகக் கொள்வார்கள். ரோம் நகரின் வானில் திரளும் ஸ்டார்லிங் பறவைகளைப் பல கேமராக்களால் படமெடுத்து அளந்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-இல் வேறொன்றைக் கண்டார்கள்: தூரம் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு பறவையும் தனக்கு மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது. இரண்டு வகையையும் எழுதி, நடுவே ஒரு வல்லூறை விட்டுப் பாருங்கள். எது சிதறுகிறது, எது மீண்டும் சேர்கிறது என்று எண்ணுங்கள். இங்கே என்னிடம் சோதனை எண் இல்லை. நீங்கள்தான் ஓர் அளவுகோலை வரையறுக்க வேண்டும்.

படி 4: எறும்புகள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் உண்மையான எறும்புகள். பிரசெல்ஸில் ஷான்-லூயி டெனுபூர், சைமன் காஸ் ஆகியோரின் குழு அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் உணவுக்கும் நடுவே இரண்டு கிளைகள் கொண்ட பாலத்தை வைத்தது. ஒரு கிளை மற்றதைவிட இருமடங்கு நீளம். சற்று நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குறுகிய கிளையில் போயின. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து ஒப்பிடவில்லை. குறுகிய கிளையில் போனவை முதலில் திரும்பின. அதனால் அங்கே பெரோமோன், அதாவது எறும்புகள் வழிநெடுக இடும் மணப்பொருள், முதலில் தடித்தது. அதனால் அடுத்தவை அங்கே போயின.

இதே ஆய்வின் மறுபாதியைப் பாடங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முதலில் நீண்ட கிளையை மட்டும் கொடுத்து, அரைமணி நேரம் கழித்துக் குறுகியதைச் சேர்த்தபோது, பெரும்பாலான எறும்புகள் நீண்ட வழியிலேயே சிக்கிக்கொண்டன. பெரோமோன் மிக மெதுவாகத்தான் ஆவியாகிறது. பழைய தடம் புதிய வாய்ப்பை அமுக்கிவிடுகிறது.

மார்க்கோ டோரிகோ மிலானில் தமது முனைவர் பட்ட ஆய்வில், 1992-இல், இதை வணிகனின் கணக்குக்கான வழிமுறையாக்கினார். அவர் இயற்கையை எங்கெங்கே விட்டு விலகினார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய எறும்புகளுக்கு நினைவு உண்டு. போன ஊருக்குத் திரும்பப் போகாது. அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று அவற்றுக்குத் தெரியும். பாதையை முழுதாக முடித்த பிறகே, பாதை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அதிகமாகப் பெரோமோன் இடும். முக்கியமாக, ஆவியாதல் மிக வேகமாக்கப்பட்டது. உண்மை எறும்பு சிக்கிக்கொண்ட இடத்தில் நிரல் எறும்பு சிக்காமலிருக்க அந்த விலகல்தான் உதவுகிறது.

எழுதும் முறை இது. ஒவ்வொரு ஊர்ச்சோடிக்கும் ஒரு பெரோமோன் மதிப்பு. தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு: எறும்புகளின் எண்ணிக்கையை, எப்போதும் மிக அருகிலுள்ள ஊருக்கே போகும் எளிய பாதையின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் ஊர்களின் எண்ணிக்கைக்குச் சமமான எறும்புகள். ஓர் எறும்பு அடுத்த ஊரைத் தேர்வதற்கான எடை: பெரோமோனின் ஆல்பா அடுக்கையும், தூரத்தின் தலைகீழியின் பீட்டா அடுக்கையும் பெருக்கினால் வருவது. எடைகளின் விகிதத்தில் சீட்டுக் குலுக்குங்கள். எல்லா எறும்புகளும் முடித்ததும் எல்லாப் பெரோமோனையும் ஒன்றைவிடச் சிறிய ஓர் எண்ணால் பெருக்கிக் குறைத்து, ஒவ்வோர் எறும்பும் தன் பாதை நெடுகிலும் ஒன்றின் கீழ் பாதைநீளம் என்ற அளவைச் சேர்க்கட்டும். ஆல்பா 1, பீட்டா 5, ஆவியாதல் பாதி என்று தொடங்குங்கள்.

பீட்டாவின் வலிமையைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பெரோமோன் சமமாக உள்ள இரண்டு ஊர்கள், ஒன்று 10 தொலைவில், மற்றொன்று 20 தொலைவில். பீட்டா 2 என்றால் எடைகள் 4-க்கு 1. அருகிலுள்ளதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு. பீட்டா 5 என்றால் 32-க்கு 1. ஏறத்தாழ 97 விழுக்காடு. அதாவது பீட்டாவைக் கூட்டக் கூட்ட உங்கள் எறும்புகள் எறும்புகளாக இல்லாமல், அருகிலுள்ள ஊருக்கு ஓடும் பேராசைக்காரர்களாக மாறுகின்றன. நல்ல விடை வந்தது பெரோமோனாலா, தூரத் தகவலாலா என்று பிரித்தறிய ஆல்பாவைச் சுழியமாக வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அந்தப் பெரோமோன் இல்லாத ஓட்டமும் பெரோமோன் உள்ள ஓட்டமும் அருகருகே இருந்தால், கூட்டறிவு என்று பேச உங்களிடம் இன்னும் சான்று இல்லை.

சோதனை எண்: 'பெர்லின்52' என்ற தரவை TSPLIB என்ற பொதுத் தொகுப்பிலிருந்து எடுங்கள். தொகுப்பின் விதிப்படி ஒவ்வொரு தூரத்தையும் முழு எண்ணாக்கினால் சிறந்த விடை 7542. முழு எண்ணாக்காவிட்டால் 7544.37. இதற்குக் கீழே வந்தால் மகிழ வேண்டாம், பிழையைத் தேடுங்கள். திரும்பும் தூரம் விடுபட்டதா, ஏதேனும் ஓர் ஊர் விடுபட்டதா, ஓர் ஊருக்கு இருமுறை போனதா என்று பாதையையே சரிபார்க்கும் ஒரு தனிச் செயல்கூறை, எறும்பு நிரலிலிருந்து ஒரு வரியும் கடன் வாங்காமல் எழுதுங்கள். எனக்கு அது இருந்திருந்தால் அந்த நள்ளிரவு வேறாக முடிந்திருக்கும்.

பிறகு ஆவியாதலைச் சுழியமாக்கி ஓட்டுங்கள். உங்கள் எறும்புகளும் பிரசெல்ஸின் நீண்ட பாலத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

படி 5: பரிணாமம்

ஜெர்மனியில் இங்கோ ரெக்கென்பெர்க்கும் ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெலும் 1960-களிலேயே பொறியியல் வடிவமைப்புக்குப் பிறழ்வையும் தேர்வையும் பயன்படுத்தினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலண்ட் வளர்த்த மரபணு வழிமுறைகள் 1975-இல் அவருடைய நூல் வழியாகப் பரவின. குறுக்குக்கலப்பு, மக்கள்தொகை, தேர்வுப்போட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. செய்யாதீர்கள். ஒரே ஓர் உயிருடன் தொடங்குங்கள்.

100 பிட்டுகள், தற்செயலாக நிரப்பியவை. ஒன்றுகளின் எண்ணிக்கையே தகுதி. ஒவ்வொரு படியிலும் படியெடுத்து, ஒவ்வொரு பிட்டையும் நூற்றில் ஒரு வாய்ப்பில் புரட்டுங்கள். நகல் மூலத்தைவிட மோசமில்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றாகும்வரை எத்தனை முறை தகுதியை மதிப்பிட்டீர்கள்?

சோதனை எண்: பல நூறு முறை ஓட்டினால் சராசரி 1060-ஐ ஒட்டி வரும். இதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுச் சொல்லும் கோட்பாடு இருக்கிறது. கணிப்புக் கடினமும் பரிணாமமும் கைகோக்கும் இடம் இது. உங்களுக்கு 450 வந்தால், ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே பிட்டைப் புரட்டியிருக்கிறீர்கள். 670 வந்தால், எதுவுமே புரளாத படிகளை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவை 37 விழுக்காடு அளவுக்கு இருக்கும். மூன்று நிரல்களும் திரையில் ஒரேமாதிரி ஏறும். எண்தான் பிரித்துக் காட்டும்.

இதற்குப் பிறகு மக்கள்தொகையையும் கலப்பையும் சேருங்கள். ஊர்ப்பாதைகளைக் கலக்கும்போது பாதியை வெட்டி ஒட்டினால் ஓர் ஊர் இருமுறை வரும், இன்னொன்று காணாமல் போகும். வரிசையைக் காக்கும் கலப்புமுறைகள் அதற்கென்றே இருக்கின்றன.

தகுதியை வரையறுப்பதுதான் உண்மையான வேலை. 1996-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்சன், மாற்றியமைக்கத்தக்க ஒரு சில்லின் 10-க்கு 10 செல்கள் கொண்ட மூலையில் ஒரு சுற்றைப் பரிணமிக்கச் செய்தார். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறிவதுதான் வேலை. கடிகாரத் துடிப்பு தரப்படவில்லை. சுற்று பிரித்தறிந்தது. ஆனால் வெளியீட்டோடு எந்த இணைப்பும் இல்லாத சில செல்களை முடக்கியபோது அது தடுமாறியது. சில்லின் வேறொரு மூலைக்கு மாற்றியபோதும் தரம் குறைந்தது. அந்தச் சில்லின் பருப்பொருள் இயல்புகளையே பரிணாமம் பயன்படுத்திக்கொண்டிருந்தது. மறுபுறம், நாசா 2006-இல் அனுப்பிய எஸ்டி5 செயற்கைக்கோள்களில் பரிணாம வழிமுறை வடிவமைத்த, வளைத்த கம்பித் துண்டு போன்ற ஆண்டெனா பறந்தது. இரண்டிலும் நடந்தது ஒன்றே: கேட்டதை மட்டும், கேட்டபடியே, நாம் நினைக்காத வழியில் தந்தது.

ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகள் மோதும்போது என்ன செய்வது என்ற கேள்வி வரும். அப்போது கான்பூர் ஐஐடியில் கல்யாண்மோய் தேவ் குழு உருவாக்கி 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 வழிமுறையைப் படியுங்கள். உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அது நம் நாட்டு ஆய்வகத்திலிருந்து போனது.

படி 6: மணற்குவியல்

இது உயிரியல் இல்லை. ஆனால் சிக்கலமைப்பை அளக்கக் கற்றுத்தர இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பெர் பாக், சாவோ டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் மூவரும் 1987-இல் முன்வைத்தது. கட்டப்பலகையில் ஒவ்வொன்றாக மணல்மணியைத் தற்செயலான இடத்தில் போடுங்கள். ஒரு கட்டத்தில் நான்கு சேர்ந்தால் அது சரிந்து நான்கு அண்டையருக்கும் ஒவ்வொன்று தரும். விளிம்புக்கு வெளியே விழுவது போய்விடும். சில மணிகள் ஒன்றையும் அசைக்காது. சில மணிகள் பலகை முழுவதையும் சரிக்கும். யாரும் திருகைச் சரிசெய்யாமலேயே குவியல் அந்த விளிம்புநிலைக்குப் போய் நிற்கிறது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தீபக் தர், கட்டங்களை எந்த வரிசையில் சரித்தாலும் இறுதிநிலை ஒன்றே என்பதை 1990-இல் காட்டி, இந்த மாதிரியின் கணிதத்தைத் திறந்தார். 2022-இல் போல்ட்ஸ்மன் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அவரோடு அந்தப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டவர், நினைவாற்றலை நரம்புவலையாக 1982-இல் மாதிரியாக்கிய ஜான் ஹாப்ஃபீல்ட். மணலும் மூளையும் ஒரே மேடையில் நின்றதில் எனக்கு வியப்பில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த உறவு விரல்நுனியில் தெரியும்.

சோதனைகள் இரண்டு. ஒரே குவியலை இடமிருந்து வலமாக ஒருமுறை, தற்செயல் வரிசையில் ஒருமுறை சரியுங்கள். இறுதிப் பலகைகள் கட்டத்துக்குக் கட்டம் ஒத்திருக்க வேண்டும். அடுத்து, நீண்ட நேரம் ஓடவிட்டுக் கட்டத்துக்குச் சராசரி எத்தனை மணிகள் என்று எண்ணுங்கள். பலகை பெரிதாகப் பெரிதாக அது 17-இன் கீழ் 8, அதாவது 2.125 என்ற மதிப்பை நோக்கிப் போகும்.

சரிவுகளின் அளவை மடக்கைத் தாளில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். உடனே 'அடுக்குவிதி' (பவர் லா) என்று எழுதிவிடாதீர்கள். வேறு பல பரவல்களும் மடக்கைத் தாளில் நேர்கோடுபோலத் தோன்றும். பலகையை 32, 64, 128 என்று பெரிதாக்கி, கோடு முறியும் இடம் பலகையோடு சேர்ந்து நகர்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

படி 7: நேர்மையாக ஒப்பிடுதல்

உங்கள் எறும்புகள் 7600 தந்தன. நல்லதா? ஒப்பீடு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்றோடு நிறுத்திப் பாருங்கள்: வெறும் தற்செயல் பாதைகள், எப்போதும் அருகிலுள்ள ஊருக்குப் போகும் பாதை, குறுக்கிடும் இரண்டு சாலைகளை மாற்றிக் கட்டும் 2-ஆப்ட் முறை. எல்லாவற்றுக்கும் ஒரே கணிப்பு நேரம் கொடுங்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதை எண்களில் (தற்செயல் எண்களைத் தொடக்கிவைக்கும் எண்களில்) 30 முறை ஓட்டி, இடைநிலை மதிப்பையும் பரவலையும் எழுதுங்கள். மிகச் சிறந்த ஓர் ஓட்டத்தை மட்டும் காட்டுவது ஏமாற்றுவதுதான், முதலில் உங்களையே. எளிய 2-ஆப்ட் உங்கள் எறும்புகளை வென்றால் சோர்ந்துபோகாதீர்கள். அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வோர் எறும்பின் பாதையையும் 2-ஆப்டால் திருத்திவிட்டுப் பெரோமோன் இடச் செய்யுங்கள். இன்றைய வலுவான எறும்பு முறைகள் இப்படி உள்ளூர்த் திருத்தத்தோடுதான் இயங்குகின்றன.

துல்லியமான கணித முறைகள் எங்கே நிற்கின்றன என்பதையும் அறிந்திருங்கள். 85,900 புள்ளிகள் கொண்ட சுற்றுப்பாதைக் கணக்கு ஒன்றின் சிறந்த விடை 2006-இல் துல்லியமாகக் கண்டறியப்பட்டது. ஆகவே சாதாரண வணிகன் கணக்குக்கு எறும்புகள் தேவையில்லை. ஓடும்போதே சாலை மூடப்படும், தேவை மாறும் கணக்குகளில்தான் அவற்றுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எல்லாக் கணக்குகளையும் சமமாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தேடல் முறையும் மற்றொன்றைவிட மேலானதில்லை என்று வோல்பர்ட்டும் மக்ரெடியும் 1997-இல் நிரூபித்தார்கள். 'என் வழிமுறை எல்லாவற்றையும்விடச் சிறந்தது' என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து நீக்க அந்த ஒரு தேற்றம் போதும். எந்தவகைக் கணக்கில், ஏன் என்று எழுதுங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓநாய், வௌவால், குயில், மின்மினி என்று விலங்குப் பெயர் தாங்கிய வழிமுறைகள் நூற்றுக்கும் மேல் குவிந்துவிட்டன. உருவகத்தை உரித்தால் உள்ளே பல ஒன்றுபோலவே இருக்கின்றன. புதிய உருவகம் மட்டுமே உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று சில ஆய்விதழ்களே அறிவித்திருக்கின்றன. இறுதியாண்டுத் திட்டத்துக்குப் புதிய விலங்கைத் தேடும் மாணவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த விலங்கின் பெயரை நீக்கிவிட்டு, சமன்பாட்டை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

படி 8: உங்கள் கேள்வி

ஏழு படிகளும் மூன்று நான்கு மாதங்களில் முடியும். கூடவே நிகழ்தகவு, வரைபடக் கோட்பாடு, வகைக்கெழுச் சமன்பாடு மூன்றையும் விடாமல் படியுங்கள். சாண்டா ஃபே நிறுவனத்தின் இலவச இணையப் பாடங்கள் நல்ல துணை. விரைவாக மாதிரிகளை முயல 'நெட்லோகோ'வும், கான்வேயின் உலகத்தில் ஆழ்ந்துபோக 'கோலி'யும் இலவசமாகக் கிடைக்கின்றன. கையால் எழுதி முடித்த பின் அவற்றுக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிக்கலமைப்புகளில் ஆய்வு நடக்கிறது.

திட்டத்துக்கு உகந்த கேள்வி சிறியதாக, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடியதாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒன்றைத் தருகிறேன். படி 1-இலும் 2-இலும் எல்லாச் செல்களும் ஒரே நொடியில் மாற வேண்டும் என்று வற்புறுத்தினேன். உண்மை உலகில் அப்படி ஒரு பொதுக் கடிகாரம் இல்லை. கான்வேயின் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு வாய்ப்பில் மட்டும் விதியைப் பின்பற்றட்டும். மற்றவை அந்தப் படியில் பழையபடியே இருக்கட்டும். கிளைடர் எத்தனை தலைமுறை பிழைக்கிறது? 99 விழுக்காட்டில்? 99.9-இல்? சதுரம் அசையாமல் நிற்கும், அது ஏன் என்று யோசியுங்கள். ஆர்-பென்டோமினோவை ஆயிரம் விதை எண்களில் ஓட்டி, அடங்கும் தலைமுறையின் பரவலை வரையுங்கள். வாய்ப்பை நூறாக்கினால் ஆயிரம் ஓட்டங்களும் 1103 என்றே சொல்ல வேண்டும். முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.